யுத்தப் படமும் சோழவரம் மைதானமும்
(மீஞ்சூரில் செய்த சொற்பொழிவு)



யுத்த காலத்தில் சண்டை விமான தளங்களின் அன்றாட வாழ்க்கையைப் பிடித்த பழைய சினிமாப் படங்களைப் பற்றி நாம் பேச வேண்டுமென்று இக்கூட்டத்தைக் கூட்டியவர்கள் கேட்டுக் கொண்டார்கள். மீஞ்சூருக்கும் சண்டை விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். இந்த ஊரைப் பற்றி யாரைக் கேட்டாலும் "வடகாஞ்சி" என்று இரண்டு கோவில்களின் பெருமையைச் சொல்லுவார்களே ஒழிய, பக்கத்துச் சோழவரத்தில் ஒரு யுத்த விமான தளம் இருந்த சங்கதியைச் சொல்லுகிறவர்கள் அபூர்வம். சோழவரம் என்றால் மோட்டார் பந்தயம் என்பார்கள். 1950-களிலிருந்து பல வருஷ காலம் அங்கே பந்தயக் கார்கள் ஓடியது வாஸ்தவந்தான். ஆனால் அந்தப் பாதை காருக்காகப் போட்டதல்ல. விமானம் ஏறி இறங்கப் போட்டது.

1942 ஏப்ரல் மாதத்தை எண்ணிப் பாருங்கள். 5-ந் தேதி கொழும்பிலும், 6-ந் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9-ந் தேதி திருகோணமலையிலும் ஜப்பான்காரன் குண்டு போட்டான். சென்னை ஜனங்கள் மூட்டை கட்டிக் கொண்டு ஓடினார்கள். சர்க்கார் ஆபீசுகளும் உள்நாட்டு ஊர்களுக்குப் போயின. அந்தக் காலத்தில்தான் இந்தியா முழுவதும் 200-க்கு மேற்பட்ட விமான தளங்களுக்குத் திட்டம் போட்டார்கள். நம் பக்கத்தில் சோழவரம், தாம்பரம், அரக்கோணம், உளுந்தூர்ப்பேட்டை, சூலூர், கயத்தாறு என்று பல ஊர்களில் யுத்த விமானங்கள் இறங்கின. செங்குன்றம் ஏரியிலோ தண்ணீரிலேயே இறங்கும் காட்டலினா விமானங்கள் மிதந்தன.

இதை யுத்த காலத்து "ஜெட்" தளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1944 ஜூலையில்தான் இங்கிலீஷ்காரனுடைய மீட்டியர் என்ற முதல் ஜெட் விமானமே படையில் சேர்ந்தது. அதுவும் அவன் தேசத்தில். இந்திய விமானப் படைக்கு வாம்பயர் ஜெட் வந்தது 1948-ல். 1944-ல் சோழவரத்திலிருந்த 27-வது, 47-வது ஸ்குவாட்ரன்களிடம் இருந்தவை பியூஃபைட்டர் என்பவை. இரண்டு எஞ்சின், இரண்டு ஆள், சுழலும் விசிறி.

இனிப் படங்களின் சங்கதிக்கு வருவோம். அக்காலத்தில் கையில் தூக்கிக் கொண்டு திரியும் காமிராக்கள் பலவற்றில் 100 அடிச் சுருள்தான் கொள்ளும். அது ஓடுவது ஒரு நிமிஷத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. பெரும்பாலும் சப்தமும் கிடையாது. தளத்தில் ஒரு நாளைக்கு 24 மணி நேரம் வேலை நடக்கிறது. படம் பிடிக்கிறவன் கையில் சில நிமிஷங்களே இருக்கின்றன. அப்படியானால் எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று அவன் தீர்மானித்தாக வேண்டும். அவனுக்குச் சம்பளம் கொடுப்பது யுத்தம் நடத்துகிற சர்க்கார். எனவே வீரன் முகச் சவரம் செய்து கொள்ளுவான், பந்து விளையாடுவான், நாய்க்குட்டியைத் தூக்கிக் கொஞ்சுவான், பிறகு சிரித்துக் கொண்டே விமானத்தில் ஏறுவான். இவையெல்லாம் பொய் என்று நாம் சொல்லவில்லை; நடந்தவைதான். வில்லியம் வைலர் என்ற பேர்போன டைரக்டர் கார்சிகா தீவிலிருந்த அமெரிக்கத் தளத்தில் 1944-ல் பிடித்து 1947-ல் வெளியான "தண்டர்போல்ட்" படத்தைப் பாருங்கள். குண்டு போட்டுவிட்டு வந்தவர்கள் கடலில் குளித்துக் களிக்கிறார்கள். குண்டு விழுந்த இடத்தில் அன்று சாயங்காலம் யார் என்ன செய்தார்கள் என்பதற்குப் படமில்லை.

இங்கேயும் 1943-ல் "இந்தியன் நியூஸ் பெரேட்" என்று சர்க்கார் படம் ஆரம்பித்து, ஒவ்வொரு கொட்டகையிலும் கட்டாயமாகக் காட்டச் சொன்னார்கள். அதற்கு வாடகையும் கொட்டகைக்காரனே கொடுக்க வேண்டும்! 1946-ல் மத்திய சட்டசபை பணம் தர மறுத்த பிறகுதான் அந்த இலாகா மூடப்பட்டது.

சுருள்களில் பெருந்தொகை இப்போது லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது. இந்தியாவிலும் பர்மாவிலும் தளம் போடுகிற படங்களில் ஒரு காட்சியைக் கவனிக்க வேண்டுகிறோம். பெண்கள் தலையில் கூடை வைத்து மண்ணும் ஜல்லியும் சுமந்து வரிசையாகப் போகிறார்கள். காமிரா ஒரு கணம் அவர்களைப் பார்க்கிறது. பிறகு விமானத்துக்குத் திரும்பி விடுகிறது. விமானிக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, பதவி உண்டு. கூடைக்காரிக்குக் "கூலி" என்ற பட்டந்தான்.

அதே தளத்தில் இன்னொரு வழக்கம் இருந்தது. அதை நாம் மெச்சவே செய்கிறோம். ஒவ்வொரு விமானத்துக்கும் "ஃபாரம் 700" என்று ஒரு புஸ்தகம். எஞ்சினைப் பார்த்தவன், சக்கரத்தைப் பார்த்தவன், துப்பாக்கியைப் பார்த்தவன் எல்லோரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். விமானியும் படித்துக் கையெழுத்துப் போட்டுத்தான் ஏறுவான். பழுது வந்தால் யார் பொறுப்பு என்று தெரியும். ராகுகாலம் பார்க்க அந்தப் புஸ்தகத்தில் இடமில்லை. (வெள்ளைக்காரனிடமும் மூட நம்பிக்கை இல்லாமலில்லை. எஞ்சின் கெட்டால் "கிரெம்லின்" என்ற குட்டிச்சாத்தான் வேலை என்று விளையாட்டாகச் சொல்லிக் கொள்ளுவான். ஆனால் குட்டிச்சாத்தானைக் கும்பிட்டுவிட்டுப் பறக்கவில்லை. ஸ்பானரை எடுத்துக் கொண்டு போனான். 2019-ல் பிரான்சில் ரஃபேல் விமானத்தின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தவர் நம் நாட்டு ராணுவ மந்திரி.)

இவ்வளவு பொறுப்பாக ஒரு திருகாணிக்குக்கூடப் பெயர் எழுதி வைத்த தளத்தில், அந்த விமானம் ஓடுகிற பாதையைப் போட்ட கைகளுக்குப் பெயர் ஏன் இல்லை? வேலை மேஸ்திரி கையில், மேஸ்திரி ஒப்பந்தக்காரன் கையில், ஒப்பந்தக்காரன் சர்க்கார் கையில். கூலிக்காரன் பெருவிரல் ரேகையோடு முடிந்து போனான். எழுத்தறிவு யாருக்கு மறுக்கப்பட்டதோ அவர்களே கூடை சுமந்தார்கள் என்பதை வேறு விளக்கவும் வேண்டுமா?

தோழர்களே! லண்டன்காரன் இதை எழுதி வைப்பான் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அன்று பத்து வயதுப் பிள்ளையாயிருந்தவருக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. சோழவரத்திலும், செங்குன்றத்திலும், இந்த மீஞ்சூரிலும் அப்படிப்பட்ட கிழவர்களும் கிழவிகளும் நம் வீட்டுத் திண்ணைகளில் இருப்பார்கள். இளைஞர்கள் நோட்டுப் புஸ்தகத்தோடு போக வேண்டும். கையிலுள்ள போனில் பேச்சையும் பிடிக்கலாம். அதில் 100 அடிச் சுருள் தொந்தரவு கிடையாது. கேட்க வேண்டியவை இவை: தளத்துக்கு எடுத்த நிலம் யாருடையது, யார் உழுது கொண்டிருந்தது, நஷ்டஈடு யார் கைக்குப் போயிற்று? ஒரு நாள் கூலி எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு குறைவு? சோல்ஜர்களின் துணி துவைத்தவர் யார், கக்கூஸ் வாரினவர் யார்? வேலை செய்த இடத்தில் தண்ணீர்ப் பானை எத்தனை இருந்தது, யார் எதில் குடித்தார்கள்? யுத்தம் முடிந்த மறுநாள் அவர்களுக்கு என்ன வேலை இருந்தது?

கிடைக்கிற பதில்களைப் பெயரோடும் ஊரோடும் எழுதி, இவ்வூர் நூல் நிலையத்தில் ஒரு பிரதி வையுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமையே சோழவரத்துக்குப் போகச் சம்மதமுள்ளவர்கள் கூட்டம் கலைந்ததும் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம்.