காரிலே நாதம்

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலே மின்கருவிக் கடைகள் பல. அங்கே அம்பிளிபயரும் சப்வூபரும் வாங்கிக் காரிற் பூட்டுவோருட் பலர், முழக்கமே சிறப்பு என்று எண்ணிவிடுகின்றனர்.

முதற் கடமை காவல். பற்றரியிலிருந்து அம்பிளிபயருக்குச் செல்லும் கம்பியிலே, பற்றரிக்கு ஒன்றரை அடிக்குள் உருகி அமைதல் வேண்டும். உருகி இன்றேல், உறை தேய்ந்த கம்பி காரின் உலோக உடலைத் தொட்டதும் தீ மூளலாம்.

அடுத்தது அளவு. மிருதங்கக்காரர் சுருதி சேர்ப்பது உரக்க அடிப்பதற்காகவா? 'கெயின்' என்னும் திருகும் அத்தகையதே. அது காரின் வானொலிப்பெட்டியையும் அம்பிளிபயரையும் இசைவிப்பது. ஒலியைக் கூட்டுவதற்கு உரியதன்று. மிகத் திருப்பினால் ஒலியலையின் உச்சி வெட்டுண்டு நாதம் கரகரக்கும். நாளடைவில் சப்வூபரின் சுருளும் கருகும். ஏறத்தாழ 80 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்டவற்றைச் சப்வூபருக்குச் செல்லாது வடிகட்டினால், பாடுவோர் குரல் தெளிவுறும்.

இறுதியாகச் செவி. தொழிலிடங்களிலே 85 டெசிபெல் ஒலிக்கு 8 மணி நேரம் எல்லையெனின், 100 டெசிபெலுக்கு 15 நிமிடமே எல்லை என்பது அறிஞர் கணிப்பு. இழந்த செவிப்புலன் மீள்வது அரிது. அன்றியும், பின்னால் வரும் நோயாளர் வண்டியின் சங்கொலி கேளாத காரிலே, எத்துணை இனிய பாடலும் பிறர் உயிருக்கு இடரன்றோ?