உப்பளக் கரையும் ஒரு துண்டுத் தாளும்



மரக்காணம் உப்பளக் கரை தமிழிலக்கியத்துக்குப் புதிய நிலமன்று. சிறுபாணாற்றுப்படை காட்டும் எயிற்பட்டினம் இக்கரையே என்று அறிஞர் பலர் கொள்வர். இவ்வூர்ப் பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. நிலத்தின் எல்லையையும் கொடை தந்தவர் பெயரையும் கல்லில் வெட்டிவைத்த காலம் அது. கொடையாளர் பெயர் ஆயிரம் ஆண்டு நின்றது. பாத்தியில் இறங்கி உப்பு வாரியவர் பெயரைத் தேடிக் காண்பது அரிது. எழுத்தில் ஏறியவர், ஏறாதவர் என்னும் பிரிவு இக்கரைக்கு அன்றே உண்டு.

அப்பிரிவின் இன்றைய வடிவத்தைக் காண நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு இருக்கிறது. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உண்டு. 2021 முதல் இத்தகைய முகாம்கள் அரசு வழக்கில் ‘மறுவாழ்வு முகாம்’ எனப்படுகின்றன. 1983 கலவரத்துக்குப் பின் அலையலையாகக் கடல் கடந்து வந்தவர்களும் அவர்தம் மக்களும் பேரர்களும் தமிழகமெங்கும் இத்தகைய முகாம்களில் வாழ்கின்றனர். இந்த மண்ணிலேயே நிலைத்து வாழ உரிமை வேண்டும் என்று அவர்களுள் ஒருவர் விண்ணப்பிக்க முனைந்தால், எதிர்கொள்ளும் முதற் கேள்வி ஒன்றே: சான்று எங்கே?

அக்கேள்வி நேற்றுப் பிறந்ததன்று. முகாம்களில் வாழ்வோருள் ஒரு பகுதியினர் இலங்கை மலையகத்துத் தோட்டத் தொழிலாளர் வழிவந்தவர்கள். 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்ததுபோல் தோன்றியது. ஆனால் வாயிலில் நின்ற நிபந்தனை கடுமையானது. 1946 சனவரி 1-க்கு முன், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்ததைக் காட்டவேண்டும். இடையில் ஓராண்டுக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்பட்டது. தாயைப் பார்க்கவும் தங்கை திருமணத்துக்கும் ஊருக்குப் போய்வந்த பயணம் வழக்கில் எதிர்ச்சாட்சியாயிற்று.

அம்மக்களிடம் என்ன தாள் இருந்தது? தோட்டத்துச் செக்றோலில் பெயர் இருந்தது. அது துரையின் அலுவலகத்தில் இருந்தது. வேலை நீங்கியபோது தரப்பட்ட பற்றுச்சீட்டு இருந்தால் இருந்தது. லயத்தின் கூரை ஒழுகினால் அதுவும் இல்லை. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஏறத்தாழ 1,34,000 பேரே பதிவு பெற்றனர். எஞ்சியோரை 1964 அக்டோபர் 30 அன்று கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கையாகப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீந்த 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974-இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஆளைக் கேட்டு எழுதிய கணக்கன்று அது.

தாள் முடிந்து தாயகம் வந்தவர் ஒரு வகையினர். தாள் முடியுமுன் கலவரத்துக்குத் தப்பித் தோணியேறியவர் மற்றொரு வகையினர். முன்னவர் குடிமக்களாயினர், பின்னவர் அகதிகளாயினர். இருவருக்கும் பாட்டன் ஒரே ஊர்க்காரராகவும் இருக்கலாம். இத்தகையோரின் விண்ணப்பங்களைக் கருணையோடு பரிசீலிக்க வேண்டுமென்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 சூனில் அறிவுறுத்தியது.

தோணியில் வந்தவரிடம் கடவுச்சீட்டைக் கேட்பது சட்டத்தின் வழக்கம். உயிரோடு கரை சேர்ந்ததே அவர் கொண்டுவந்த உடைமை. உரிய கடவுச்சீட்டின்றி வந்தவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ ஆகிறார். அச்சொல் ஒட்டியபின் பதிவுக்கும் இயல்புரிமைக்கும் விண்ணப்பிக்கும் தகுதி போய்விடுகிறது. 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இடம்பெறவில்லை. 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் நடுவண் அரசு விலக்களித்தது. ஆறுதலான செய்தி அது. ஆயினும் தண்டனை இல்லை என்பதும் குடியுரிமை உண்டு என்பதும் ஒன்றல்ல.

ஒரு தாள் என்ன செய்யும் என்பதற்கும் சான்றுண்டு. 1950 சனவரி 26 முதல் 1987 சூலை 1-க்கு முன்வரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்கிறது சட்டம். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்மணி ஒருவர் தம் பிறப்புச் சான்றிதழை நீதிமன்றத்தின் முன் வைத்தார். அவருக்குக் கடவுச்சீட்டு வழங்க 2022 ஆகஸ்டில் மதுரைக் கிளை ஆணையிட்டது. 2024 ஏப்ரலில் அவர் வாக்களித்தார். ஓராண்டு கழித்துப் பிறந்த தம்பிக்கு அதே வாயில் அடைபட்டிருக்கலாம். ஒரே தாய், ஒரே முகாம், தேதி வேறு.

இலக்கிய வட்டத்தில் இதைப் பேசுவானேன் என்று ஐயம் எழலாம். மலையகத்துக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை 1947-இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். தம்மைத் தேர்ந்தெடுத்த மக்கள் வாக்கிழந்ததைக் கண்டவர். அவர்தம் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தவரும் அவரே. அப்பாடல்களில் தோட்டமும் கங்காணியும் கொழுந்துக் கூடையும் உள்ளன; அங்கே வாழ்ந்தார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமோ? ஆயினும் பாட்டை இணைத்து விண்ணப்பம் கொடுக்க இயலாது. அதிகாரிக்கு வேண்டியது தேதியும் முத்திரையும். இந்த எல்லையைக் கவிஞர் உணர்வது நல்லது. உணர்ந்தால் அகதியின் துயரைப் பாடுவதோடு கடமை முடிந்ததென்று எழுந்துபோக மனம் வராது.

பத்தாண்டு நிறைவு காணும் வட்டத்தில் எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். முகாமிலுள்ள முதியவர் ஒருவர் பிறந்த ஊர், தோட்டம், தோணியேறிய துறை, கரைசேர்ந்த நாள் ஆகியவற்றை அவர் நினைவு மங்குமுன் கேட்டு எழுதித் தரலாம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பிழையாக ஏறிய பெயரைத் திருத்த மனு எழுதலாம். பழுப்பேறிய சீட்டைப் படியெடுத்து மூலத்தை நனையாமல் காக்கச் சொல்லலாம். இவை எந்தத் தொகுப்பிலும் அச்சாகா. எழுதியவர் பெயரும் வெளிவராது. ஆயினும் பாத்தியில் இறங்கியவர் பெயர் இந்தமுறையாவது எழுத்தில் ஏறும்.