தேர்வில் தவறியவர்க்கும் வழி உண்டு

பள்ளி இறுதித் தேர்வின் முடிவு வெளியாகும் நாளில் நம் நாட்டு இல்லங்கள் இருவகையாகப் பிரிந்துவிடுகின்றன. வென்ற பிள்ளையின் வீட்டில் இனிப்பு வழங்குகிறார்கள். தவறிய பிள்ளையின் வீட்டில் கதவையும் திறப்பதில்லை. தமிழகத்தை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நமக்கு இத்துன்பம் இருமடங்கு. சொந்த ஊராயின் அறிந்த ஆசிரியர் ஒருவர் ஆறுதல் கூறி, மேற்கொண்டு செய்ய வேண்டுவதையும் சொல்வார். இங்கோ யாரைக் கேட்பது என்றறியாமல் திகைக்கிறோம். மகனைக் கடை வேலைக்கு அனுப்புவதும், மகளுக்கு அவசரமாக வரன் தேடுவதும் பல வேளைகளில் இந்தத் திகைப்பின் விளைவுகளே.

தேர்வு என்பது குறிப்பிட்ட சில நாட்களில், சில மணி நேரத்தில் மாணவன் எழுதிக் காட்டியதன் அளவு. அவன் அறிவு முழுவதற்கும் அது அளவாகாது. வீட்டில் தமிழும், தெருவில் ஒரு மொழியும், பாடநூலில் வேறொரு மொழியுமாக வளரும் பிள்ளை ஒரு தாளில் இடறுவது வியப்பன்று. இடறியவனுக்கு எழுந்து நடக்க என்னென்ன வழிகள் உள்ளன என்பதே நாம் இன்று ஆராய வேண்டுவது.

ஓரிரு பாடங்களில் மட்டும் தவறியவர்க்கு அவரவர் கல்வி வாரியம் நடத்தும் துணைத் தேர்வே அருகிலுள்ள வழி. விண்ணப்பிக்கும் காலம் மிகக் குறுகியது. ஆதலால் வருந்துவதிலேயே நாட்களைக் கழித்துவிடலாகாது.

பல பாடங்களில் தவறியவர்க்கும், பள்ளியை விட்டு நெடுநாள் ஆனவர்க்கும் உற்ற துணையாவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1979-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் ஒரு திட்டமாகத் தோன்றி, 1989-இல் தனி நிறுவனமாகி, 2002-இல் இன்றைய பெயரைப் பெற்றது இது. பதினான்கு வயது நிரம்பியவர் பத்தாம் வகுப்புக்கு நிகரான படிப்பில் சேரலாம். உச்ச வயது வரம்பு இல்லை. ஒருமுறை பதிவு செய்துகொண்டால் ஐந்தாண்டுகளில் ஒன்பது பொதுத்தேர்வு வாய்ப்புகள் கிட்டும். அனைத்துப் பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டுவதில்லை. தேர்ச்சி பெற்ற பாடம் கணக்கில் நிற்கும். எஞ்சியவற்றை அடுத்த முறை எழுதலாம். அங்கீகாரம் பெற்ற வேறு வாரியத்தில் முன்பு தேறிய பாடங்களில் இரண்டு வரை, விதிகளுக்கு உட்பட்டு, இங்கே சேர்த்துக்கொள்ளவும் இடமுண்டு. மொழிப்பாடங்களுள் தமிழும் ஒன்று என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி தருவது.

பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் மாணவனுக்கே. ஆயின் உரிமை இருக்குமிடத்தில் பொறுப்பும் இருக்கிறது. கணிதம் கடினமென்று இன்று அதை விலக்குகிறவன், நாளை பொறியியல் பயில விரும்பினால் வாயிலிலேயே நிறுத்தப்படுவான். பிள்ளை எங்கே செல்ல விரும்புகிறான், அங்கே எவ்வெப் பாடங்களைக் கேட்கிறார்கள் என்பதை முதலில் விசாரித்து, பின்னரே பாடங்களைக் குறிக்க வேண்டும்.

மாநிலங்கள் சிலவும் இவ்வகையில் முயன்றுள்ளன. மத்தியப் பிரதேசத்தில் தேர்வில் தவறிய மாணவர்க்கென்றே 2016-இல் ஒரு திட்டம் தொடங்கப்பெற்றது. மாநிலத் திறந்தநிலைப் பள்ளியின் வாயிலாக அவர்கள் மீண்டும் தேர்வெழுத அது வகை செய்தது. "நின்றுவிடாதே" என்று பொருள்படும் இந்திப் பெயரை அதற்குச் சூட்டினார்கள். பெயரே பாதி மருந்தன்றோ!

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். "தேர்வே எழுதாமல் சான்றிதழ்" என்று ஆசை காட்டுவோர் பெருநகரங்களில் உண்டு. அவர்களிடம் பணத்தை இழப்பதோடு பிள்ளையின் காலத்தையும் இழக்கிறோம். பின்னாளில் வேலைக்கோ கல்லூரிக்கோ செல்லும்போது அத்தாள் செல்லாது என்று தெரியவருவது, தேர்வில் தவறியதினும் கொடிய அடியாகும். எந்த வாரியமானாலும் அரசாங்கத்தின் அங்கீகாரம் உண்டா என்று உறுதி செய்துகொண்ட பின்னரே கட்டணம் செலுத்துவோமாக.

திறந்தநிலைக் கல்வி எளிய கல்வி என்று எண்ணுவோரும் உளர். நாள்தோறும் மணியடித்து அழைக்கும் பள்ளி அங்கில்லை. தொடர்பு வகுப்புகளோ சில நாட்களே. தானே எழுந்து, தானே நூலை விரிக்கும் கட்டுப்பாடு வேண்டும். அக்கட்டுப்பாட்டைப் பதினைந்து வயதுப் பிள்ளை தனித்துப் பெற இயலாது. மாலையில் ஒரு மணி நேரம் அருகில் அமர்ந்திருக்கும் தந்தையோ தாயோ, பாடம் சொல்லித்தரும் அண்டைவீட்டு இளைஞரோ உடனிருத்தல் வேண்டும். நம் தமிழ்ச் சங்கங்கள் விழா எடுப்பதோடு நில்லாமல், தேர்வு முடிவு வரும் வாரத்தில் ஓர் ஆலோசனை மேசையையும் அமைத்தால் அதனினும் சிறந்த தொண்டு வேறில்லை.

முடிவு வெளியான மாலையில் பிள்ளையிடம் நாம் சொல்லும் முதற்சொல் மதிப்பெண்ணைப் பற்றியதாக இராதிருக்கட்டும். "சாப்பிட்டாயா?" என்று கேட்போம், வழியைப் பற்றி மறுநாள் காலையில் பேசலாம். வழிகள் இருக்கின்றன, அவற்றில் நடக்கப் பிள்ளை நலமாக இருத்தல் வேண்டும்.