துணை தேடும் வாயிலில் வயதும் அந்தரங்கமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் யான் பத்தாம் வகுப்பு மட்டுமே தேறியவன். எனினும், நம் காலனி வீடுகள் அனைத்தையும் தொடுகின்ற பொருளொன்றைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர், அதற்கு நன்றி.

முன்னாளில் வரன் தேட வேண்டுமாயின் ஊருக்குக் கடிதம் எழுதுவோம். தெரிந்தவர் கையில் ஜாதகம் கொடுப்போம். இன்று ஐதராபாத்தில் இருந்தவாறே கைபேசியில் தேடுகின்றோம். பெற்றோர் திருமணத் தளங்களில் தேட, இளைஞர் பழகுதற்குரிய செயலிகளில் தாமே தேடுகின்றனர்.

இவ்விடங்களில் வயதைக் கேட்பது முறையே. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் (2006) பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என வரையறுத்துள்ளது. பிறந்த ஆண்டைப் பொய்யாக எழுதிப் பதினைந்து வயதுப் பிள்ளை உள்ளே நுழைந்தால், தீயோர் கையில் அகப்படுதல் எளிது. திருமணத் தளங்கள் பதிவு செய்வோரின் அடையாளச் சான்றைப் பெற வேண்டுமென நடுவண் அரசு 2016-இல் அறிவுறுத்தியதும் ஏமாற்றுதலைத் தடுக்கவே.

ஆனால் கொடுத்த சான்று பின்னர் எங்கே செல்கின்றது? என் தமக்கை மகளுக்கு வரன் தேடியபோது, ஒரு தளத்தில் அவள் பிறந்த நேரம், பள்ளிச் சான்றிதழ், கைபேசி எண் அனைத்தையும் யானே ஏற்றினேன். திருமணம் இனிதே முடிந்தது. ஓராண்டு கடந்தும், முன்பின் அறியாதோர் அவ்வெண்ணில் அழைத்து, அவள் பிறந்த நேரத்தையும் கூறிப் பேசினர். புகுந்த வீட்டில் அவள் கண்ணீருடன் விளக்கம் சொல்ல நேர்ந்தது. பதிவை நீக்க மறந்த பிழை என்னுடையது.

இது நம் வீட்டுக் கதை மட்டுமன்று. அமெரிக்காவில் 'டீ' என்னும் பெண்களுக்கான செயலியிலிருந்து 2025 ஜூலையில் ஏறத்தாழ 72,000 படங்கள் கசிந்தன. அவற்றுள் சுமார் 13,000, தாம் யாரென மெய்ப்பிக்கப் பெண்கள் அளித்த முகப்படங்களும் அடையாள அட்டைகளும் ஆகும். காவலுக்கென வாங்கிய சான்றே அவர்கட்குக் கேடாயிற்று.

இரயிலில் பரிசோதகர் அடையாள அட்டையைக் கேட்கின்றார், பார்க்கின்றார், திருப்பித் தருகின்றார். தம்முடன் எடுத்துச் செல்வதில்லை. இதுவே நேரிய முறையன்றோ? வயதை அறிந்தபின் சான்றை வைத்திருக்க வேண்டியதில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 24-8-2017 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதார் விவரங்களைப் பெறப் பெற்றோர் இசைவு வேண்டும் என்றும், நோக்கம் நிறைவேறியபின் விவரங்களை அழிக்க வேண்டும் என்றும் விதிக்கின்றது.

எனினும் சட்டம் வந்து காக்கும் என்று வாளாவிருத்தல் தகாது. ஆதார் தர நேர்ந்தால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் படியையே தருக. பெண்ணின் எண்ணுக்கு மாற்றாகப் பெரியவர் எண்ணைக் கொடுங்கள். சம்பந்தம் முடிந்ததும் கைபேசியிலிருந்து செயலியை நீக்கினால் போதாது. தளத்திலுள்ள பதிவையே நீக்குங்கள். பணம் பறிபோனால் உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள். பிள்ளைகள் தவறி நடந்தாலும் அஞ்சாமல் நம்மிடம் வந்து சொல்லும்படி இல்லத்தை வைத்திருங்கள்.

மணப்பந்தலுக்கு நாள் பார்க்கும் நாம், பதிவை நீக்குதற்கும் ஒரு நாள் குறிப்போமாக.