காயத்தின் படம் யாருக்குப் போகிறது?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், மருத்துவ, தாதியத் துறைகளிலுள்ள பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எம்மில் பலருடைய தாய்மார் இன்று ஊரில் தனியே இருக்கிறார்கள். அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை முடிந்து, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியதும், காயத்தின் படம் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடுகிறது. "பரவாயில்லை, ஆறுது" என்று நாலு நாட்டிலிருந்து நாலு பதில் போகிறது. ஆனால் அதைப் பார்த்து முடிவெடுக்கும் பொறுப்பு எவரிடமும் இல்லை.

எமது சகோதரிகள் பலர் வாழும் ரொறன்ரோவில், விமன்ஸ் கொலிஜ் வைத்தியசாலையில் இதனை முறையாக ஆராய்ந்தார்கள். மார்பக மீளமைப்புச் சத்திரசிகிச்சை பெற்ற 65 பெண்களை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினர் வழமைபோல் கிளினிக்குக்கு வந்தார்கள். மற்றவர்கள் கைத்தொலைபேசிச் செயலியில் வலியின் அளவைக் குறித்து, சில வினாக்களுக்கு விடையளித்து, காயத்தின் படத்தையும் அனுப்பினார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, முதல் 30 நாட்களில் செயலியைப் பயன்படுத்தியவர்கள் நேரில் வந்த தடவைகள் தெளிவாகக் குறைந்தன. சிக்கல்களில் வேறுபாடு காணப்படவில்லை. சிறிய ஆய்வு, ஒரேவகைச் சத்திரசிகிச்சை என்பது உண்மையே. ஆயினும் அங்கே படத்தைப் பார்க்கக் கடமைப்பட்ட ஒருவர் மறுமுனையில் இருந்தார் என்பதே எமக்கான பாடம்.

அந்த 30 நாட்கள் முக்கியமானவை. காயத்தில் கிருமித்தொற்று பெரும்பாலும் இக்காலத்திலேயே, பல வேளைகளில் வீடு திரும்பிய பின்னரே வெளிப்படுகிறது. எம்மவரின் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. எனவே சூடு, வீக்கம், கூடிவரும் வலி, சீழ், காய்ச்சல் ஆகியவற்றையும் கேட்டறிய வேண்டும். பகல் வெளிச்சத்தில், ஒரே தூரத்திலிருந்து படம் எடுத்தால் நேற்றைய படத்தோடு ஒப்பிடலாம்.

வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே விடுதித் தாதியிடம் கேட்போம்: படத்தை எங்கே அனுப்புவது? யார் பார்ப்பார்? எப்போது பதில் வரும்? இரவில் யாரை அழைப்பது? விடைகளை எழுதி, அம்மாவின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவைப்போம். விடை கிடைக்காவிட்டால், கிளினிக் நாளைத் தவறவிடாமல் அழைத்துச் செல்ல ஒருவரை ஒழுங்கு செய்வோம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நிற்காத இரத்தப்போக்கு என்றால் படம் எடுத்துக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும்.

இன்னொன்று. அது அம்மாவின் உடல். வயிற்றையோ மார்பையோ காட்டும் படம் எவருக்குப் போகலாம் என்பதை அவரே சொல்லட்டும்.

ஊரிலுள்ள பழைய மாணவியரும் வெளிநாட்டுக் கிளைகளும் கைகோத்தால், தனித்திருக்கும் தாய் ஒவ்வொருவரின் வாசலுக்கும் அந்த 30 நாட்களுள் ஒருவர் போய்வர முடியும். நூற்றாண்டு காணும் எமது சங்கம் இப்பணியை இவ்வாண்டே தொடங்க வேண்டுமென அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.