பைப்பு வெடிச்சா முதல்ல எங்க ஓடணும்?

(தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போசாக்கைப் பத்திப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தாங்க. ஆனா வாற வழியில, மேல் லயத்துக்குப் பக்கத்துல பைப்புல பழைய சேலைத் துணியைச் சுத்தி வச்சிருக்கிறதைப் பார்த்தேன். அதுல இருந்து தண்ணி பீச்சிக்கிட்டு இருக்கு. கீழ் லயத்துப் பிள்ளைகள் குடத்தைத் தூக்கிக்கிட்டு பீலிக்குப் போகுதுகள். அதனால இன்னைக்கு தண்ணியைப் பத்தியே பேசுறேன்.

முதல்ல என்னோட தவறைச் சொல்லிடுறேன். நான் முன்னால வேலை செய்த ஒரு தோட்டத்துல, தண்ணித் தாங்கிக்குப் பக்கத்துல இருந்த வால்வுப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை என் காரியாலயத்துல வச்சிருந்தேன். பிள்ளைகள் விளையாட்டுக்குத் திருகிடுங்க என்ற பயம். ஒரு சனிக்கிழமை நான் ஊருக்குப் போயிட்டேன். அன்னைக்குப் பின்னேரம் முள்ளு குத்தின இடத்துல பைப்பு உடைஞ்சிருச்சு. வால்வை மூட யாராலும் முடியல. தாங்கி வெறுமையாப் போச்சு. ஞாயித்துக்கிழமை முழுக்க சனங்க கானுக்குப் பக்கத்து ஊத்துல தண்ணி அள்ளிக் குடிச்சிருக்காங்க. அடுத்த நாளே பல பிள்ளைகளுக்கு வயித்தோட்டம். ஒரு சின்னப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில அஞ்சு நாள் சேலைன் ஏத்தினாங்க. பிள்ளை பிழைச்சிருச்சு. அந்தத் தாய் என்னை ஏசல. "ஐயா, சாவி ஒங்ககிட்டயா இருந்திச்சு?" என்று மட்டும் கேட்டாங்க. அதுக்கு இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட பதில் இல்லை.

அதனால பைப்பு வெடிச்சா முதல்ல ஓட வேண்டியது உடைஞ்ச இடத்துக்கு இல்லை, வால்வுக்கு. மலையில இருந்து வாற தண்ணிக்கு வேகம் அதிகம். தாங்கி 30 மீற்றர் உயரத்துல இருந்தா, நகரத்துக் குழாய்த் தண்ணிக்கு இருக்கிற அளவு அழுத்தம் இதுக்கும் இருக்கும். அதைக் கையாலயோ துணியாலயோ நிப்பாட்ட முடியாது.

வால்வை மூடுறதுலயும் ஒரு விசயம் இருக்கு. தண்ணி காம்பராவுக்குள்ள பாயுதுன்னா உடனே முழுசா மூடுங்க. கரண்டு மெயின் சுவிச்சையும் நிப்பாட்டுங்க. ஆனா கை ஈரமா இருந்தாலோ, தண்ணியில நின்னுக்கிட்டோ சுவிச்சைத் தொடக்கூடாது. வெளியில, கான் ஓரத்துல உடைஞ்சதுன்னா, கொஞ்சமா ஓடுற மாதிரி வச்சு வால்வைக் குறையுங்க. ஏன்? மேல முழுசா மூடினதும், கீழ யாராவது பைப்பைத் திறந்தா, உள்ள இருக்கிற தண்ணி கீழ இறங்கும். அப்ப உடைஞ்ச வாய் உறிஞ்சும், நாம குழல் வச்சு இளநீர் குடிக்கிற மாதிரி. கான் தண்ணி உள்ள போயிரும். அதனால முதல்ல பைப்புக்கு அடியில குழி வெட்டி, ஊத்தைத் தண்ணியை வேற பக்கம் திருப்பி விடுங்க. அதுக்குப் பிறகு முழுசா மூடுங்க.

இனி தற்காலிகக் கட்டு. பழைய சைக்கிள் டியூப்பை ரெண்டு அங்குல அகலத்துல நீளமா வெட்டிக்கோங்க. பைப்பைத் துடைச்சு, வெடிப்புக்கு ஒரு சாண் முன்னால ஆரம்பிச்சு, இழுத்து இழுத்து, ஒரு சுத்து அடுத்த சுத்துல பாதியை மூடுற மாதிரி சுத்துங்க. மேல கட்டுக்கம்பியால இறுக்குங்க. இது ரெண்டு மூணு நாளைக்குத்தான். சேலைத் துணி எதுக்கும் உதவாது, ஊத்தையைத்தான் சேர்க்கும்.

நிரந்தரமாச் செய்யணும்னா, வெடிச்ச துண்டை நேரா அறுத்து எடுத்துட்டு, புதுத் துண்டு வச்சு, ரெண்டு பக்கமும் சொக்கட் போடணும். அறுத்த விளிம்பைச் சுரண்டி, ஈரம் இல்லாமத் துடைச்சுத்தான் பசை பூசணும். ஈரத்துல பசை பிடிக்காது. டின்னுல போட்டிருக்கிற நேரம் வரைக்கும் பொறுத்திருங்க. வால்வை மெதுவாத் திறங்க. கடைசி லயத்துப் பைப்பைத் திறந்து வச்சு, காத்தும் கலங்கல் தண்ணியும் போக விடுங்க. வேகமாத் திறந்தா தண்ணி அடிச்சு அடுத்த மூட்டும் விட்டுப்போகும்.

தண்ணி தெளிஞ்சு வந்தாலும் அன்னைக்கு நம்பிக் குடிக்காதீங்க. நல்லாக் கொப்புளிச்சுக் கொதிச்ச பிறகு இன்னும் ஒரு நிமிசம் விட்டு, மூடி வச்சு ஆற வச்சுக் குடிங்க. கம்பளைப் பகுதியில 2007ஆம் ஆண்டு செங்கமாரி பரவினது பலருக்கு ஞாபகம் இருக்கும். அது கெட்ட தண்ணியால பரவக்கூடிய நோய். நெருப்புக் காய்ச்சலும் அப்படித்தான். தேத்தண்ணிக் கடை வச்சிருக்கிறவங்களுக்கும், பிள்ளை மடுவத்து ஆயாவுக்கும் இதை விசேசமாச் சொல்றேன். உங்க ஒரு கேத்தல்ல ஊரே குடிக்குது.

"சின்ன ஒழுக்குத்தானே, போகட்டும்" என்று சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு. மேல பீச்சுற தண்ணிக்குக் கீழ ஒரு 10 லீற்றர் வாளியை வையுங்க. அது 5 நிமிசத்துல நிறைஞ்சா, ஒரு நாளைக்கு 2,880 லீற்றர் வீணாகுது. 15 லீற்றர் குடத்தால 192 குடம்! அதுல எத்தனை குடத்தைக் கீழ் லயத்துப் பிள்ளை இடுப்புல சுமக்குது? தண்ணிக்குப் போயி பெரட்டுக்குப் பிந்தி, எத்தனை பேருக்கு அரைப் பேர் விழுது? மேல் லயம், கீழ் லயம் என்று குடத்தால அடிச்சுக்கிறதும் இந்த ஒழுக்காலதான். மேல இருக்கிறவங்களே, உங்க வாசல்ல ஒழுகுறது கீழ உள்ளவங்களோட சோத்துத் தண்ணி.

கடைசியா மூணு விசயம் கேக்குறேன். ஒண்ணு, இந்த ஞாயித்துக்கிழமை ஒவ்வொரு லயத்துல இருந்தும் ஒரு அக்காவும் ஒரு தம்பியும் என்னோட தாங்கிக்கு வாங்க. வால்வைக் காட்டுறேன், உங்க கையாலயே திருகிப் பாருங்க. ரெண்டு, ஒரு தகரப் பெட்டியில டியூப், கட்டுக்கம்பி, அறுக்கிற வாள், ரெண்டு சொக்கட், பசை எல்லாம் போட்டு இந்தப் பிள்ளை மடுவத்துல வைப்போம். மூணு, வெயில்ல கிடக்கிற பைப்பை மண் போட்டு மூடி, பக்கத்துல கம்பு நட்டு அடையாளம் வைப்போம். வெயில் பட்டா அது நாளடைவுல இறுகி நொறுங்கும். அடையாளம் இல்லாட்டி திரும்பவும் முள்ளு குத்தும்.

வால்வுப் பெட்டிச் சாவி இனி என்கிட்ட மட்டும் இருக்காது. ஒண்ணு பிள்ளை மடுவத்துல, ஒண்ணு தலைவர்கிட்ட, ஒண்ணு கீழ் லயத்துல ஒரு அம்மாகிட்ட இருக்கும். யார்கிட்ட என்று இப்பவே நீங்களே பேசி முடிவெடுங்க. கூட்டம் முடிஞ்சதும் நான் மேல போயி அந்தச் சேலைத் துணியை அவிழ்க்கப் போறேன். கைகொடுக்க நாலு பேர் வாங்க.