புழு காட்டிய வழி
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



‘சீனோரப்டைற்றிஸ் எலிகன்ஸ்’ என்னும் வட்டப்புழுவின் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். அதன் இருபாலிப் புழுவில் இருப்பவை 302 நரம்புக்கலங்களே. அவற்றுள் 222 முட்டை பொரிக்கும்போதே உருவாகிவிடுகின்றன.

ஒவ்வொரு கலமும் நீட்டும் இழைக்கு வழி எவ்வாறு தெரிகிறது? புழுவின் வயிற்றுப்புறத்தில் நெற்றின் என்ற புரதம் சுரக்கிறது. அதை உணரும் வாங்கிகளைப் பொறுத்துச் சில இழைகள் அதை நாடிச் செல்கின்றன. சில விலகி முதுகுப்புறம் செல்கின்றன. இதே குடும்பப் புரதங்கள் மனிதரிலும் உண்டு.

இந்தப் புழுவின் நரம்பு இணைப்புகள் ஏறத்தாழ முழுவதையும் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் நால்வர் 1986இல் வெளியிட்டனர். இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்கள் ஆயிரக்கணக்கானவற்றில் ஒவ்வோர் இழையையும் கையால் பின்தொடர்ந்தவர்களுள் ஒருவர் ஐலீன் சவுத்கேற். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்த பெண் அவர்.

சகோதரிகளே, பரீட்சைப் புள்ளி குறைந்ததென்று எந்தப் பிள்ளையையும் விஞ்ஞானத்திலிருந்து விலக்காதீர்கள். பொறுமையும் கூர்ந்த பார்வையும் புள்ளித்தாளில் வருவதில்லை. அத்தகைய பிள்ளைகளுக்காக எம் பள்ளி ஆய்வுகூடக் கதவு அடுத்த நூற்றாண்டிலும் திறந்திருக்கட்டும்.